ரோதமுனிக்கு நேர்ந்த தண்ணீர்

"தம்பி, இது வாகனமோ கேத்திலோ? கேத்தில் எண்டு முதலே சொல்லியிருந்தால் நாங்கள் தேயிலையும் சீனியும் கொண்டு வந்திருப்பமே."

பின் சீட்டிலிருந்து தம்பிஐயா மாஸ்டர் இப்படிக் கேட்டதும் மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். சோலைமலைக்குச் சிரிப்பு வரவில்லை. முன் சீட்டைத் தூக்கி நிமிர்த்தினால் அடியில்தான் அந்த வேனின் எஞ்சின். அங்கிருந்து குபுகுபுவென்று எழுந்த ஆவி அவன் முகத்தில் அடித்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தான். கோலில் ஒட்டியிருந்தது கறுப்பு எண்ணெய் இல்லை. பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் ஒரு குழம்பு.

ஹெட் போய்விட்டது. மூன்றாவது தடவை.

மஸ்கெலியா பஸாரிலிருந்து மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடையாது. தார் முடிந்தபிறகு இருப்பது ரோடும் இல்லை, ஓடையும் இல்லை. ஆனி மாதத்து மழையில் அது ஓடைப்பக்கமே சாய்ந்துவிடும். ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குடையை விரித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தம்பிஐயா மாஸ்டர் மட்டும் கொஞ்சம் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கணக்குப் படிப்பிக்கிற மனிதர். வாய்தான் கத்தி, மனசு அப்படியில்லை.

"கோவிக்காதையும், பகிடிக்குச் சொன்னனான். ஆனா கையெழுத்து வைக்கிற நேரம் தாண்டினால் எங்களுக்கு அரைநாள் லீவு போகுது. இப்பிடியே நடந்தால் நாங்கள் வேற வாகனம்தான் பாக்க வேணும்."

"வெளங்குதுங்க சேர்," என்றான் சோலைமலை. வேறு என்ன சொல்வது?

அந்த வேனைப் பற்றி ஹட்டன் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்த டீசல் வேன், நாலு சில்லும் இழுக்கிற சாதி. சேற்றில் விட்டால் எருமை மாதிரி ஏறும். அதற்குப் பலவீனம் ஒன்றே ஒன்று. எஞ்சினின் மேல்மூடி, எல்லோரும் ஹெட் என்று சொல்வது, சூடு கூடினால் மயிரிழை மாதிரி வெடித்துவிடும். வெடித்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கும். அதற்குப் பிறகு அது வண்டியில்லை, பாரம். சோலைமலை ஏமாந்து வாங்கவில்லை. பல் ஆடுகிற மாடு என்று தெரிந்துதான் பிடித்து வந்தான். பல் உறுதியான மாடு வாங்க அவனால் ஏலாது.

அதற்கு முன்னால் அவன் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினில் நின்றவன். ஃபெக்டரியை மூடினார்கள். சேவைக்காலக் காசை வாங்கி அப்படியே வேனில் போட்டான். ஃபெக்டரியைப் பிரித்து இரும்பையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது ஒருத்தரும் தொடாமல் விட்டது ரோதமுனியை மட்டும்தான். ரோதை என்கிற ஃபெக்டரிச் சக்கரங்களைக் காவல் காக்கிற சாமி. ரோலரில் விரல் போகாமல் இருக்க அவருக்குத்தான் தேங்காய் உடைப்பார்கள். ஏற்றம் முடிகிற கடைசி முடக்கில், பாதி புதைந்த துருப்பிடித்த சக்கரமும் சூலமுமாக இப்போதும் இருக்கிறார். பக்கத்திலேயே பாறையிலிருந்து மூங்கில் பீலியில் விழுகிற தண்ணீர். சித்திரை வெயிலிலும் பல்லைக் கிட்ட வைக்கிற தண்ணீர்.

வேனோடு வந்த ஹெட் முதல் வருஷத்திலேயே வெடித்தது. அன்றைக்கு அந்த முடக்கில் நின்று சோலைமலை நேர்ந்துகொண்டான். ரோதையைக் காத்த சாமி சில்லைக் காக்க மாட்டாரா? இனி ஏற்றம் ஏறி வந்ததும் வேனுக்கு முதல் தண்ணி உன் பீலித் தண்ணிதான் முனியே, ஒரு நாளும் தவற மாட்டேன். அப்படி நேர்ந்தவன் தவறவே இல்லை. மழையோ பனியோ, முடக்கில் நிறுத்துவான். கும்பிடுவான். ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆவி சீறி அடங்கியதும் ஒரு கேன் தண்ணீரை ஊற்றுவான். இதை அவன் பெண்டாட்டி நாகலெட்சுமியிடம்கூடச் சொன்னதில்லை. நேர்ந்ததை வெளியில் சொன்னால் பலிக்காது.

அந்த மூன்றாவது ஹெட் போன அன்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த நாகலெட்சுமி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"மறுபடியுமா?"

"ஹெட்டுதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா? மலையில அத்தன பேரும் எங்கிட்ட கேட்டாச்சு. 'ஒங்க வூட்டுக் கேத்தில் கொதிச்சிருச்சாக்கா'ன்னு. அத்த சங்கிலி ஒரு ஹெட்டுக்குப் போச்சு. என் தோடு ஒரு ஹெட்டுக்குப் போச்சு. இனி இந்த வூட்ல கழட்ட என் தல ஒண்ணுதான் மிச்சம்."

"சீட்டு எடுக்கிறேன் புள்ள. இதான் கடைசி."

"இதான் கடைசின்னு நீங்க சொன்னத எல்லாம் சேத்து வச்சிருந்தா ஒரு புது வேன் வாங்கியிருக்கலாம்."

பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அடுப்பு மேட்டில் வைத்தாள். ஹட்டன் ஏஜென்சிக்காரன் போன வருஷமே எடுத்துக் கொடுத்தது. குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருஷம். மகள் பிரேமினி மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர்மார ஏத்துற ஹயர் இருந்திச்சின்னா நான் போகல," என்றாள் நாகலெட்சுமி. "அது போச்சின்னா நான் போறேன். அப்பறம் என்னையத் தடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

மறுநாள் அவளே பள்ளிக்கூடத்துக்குப் போய், கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று, கொஞ்ச நாள் பொறுக்கும்படி தம்பிஐயா மாஸ்டரிடம் கெஞ்சிவிட்டு வந்தாள். சோலைமலைக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் குவைத்துக்குப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

வேனை உழவு மெஷினில் கட்டி இழுத்துக்கொண்டு போய், நீர்த்தேக்கத்தை ஒட்டியிருந்த அழகன் பாஸின் கராஜில் விட்டான். அழகன் பஸாரில் பேர் எடுத்த மெக்கானிக். பேரெடுத்தது பாதி வேலையால், பாதி வாயால்.

"என்னா மாப்ள, மறுபடியும் பிரசவமா?"

"சிரிக்காதீங்க பாஸ். நீங்க மூடுறது சரியில்லாமத்தான் திரும்பத் திரும்பப் போகுதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

அழகனின் முகம் மாறியது. "எவன்டா பேசுறான்? ரெண்டு ஹெட்டும் நான் அளவு பாத்து, கேஸ்கட் மாத்தி, புள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி எறக்கினேன். நீ எப்படி ஓட்டுறியோ, எவன் கண்டான்?"

"நானா? சூட்டு முள்ளு செவப்புக்குப் போக வுட்டதில்ல பாஸ். ஏத்தம் முடிஞ்சா நிப்பாட்டாம போனதில்ல."

"நிப்பாட்டுறல்ல? அப்ப ஏன் வெடிக்குது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

பழைய ஹெட் ஒன்றுக்கு அழகன், பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு டெலிபோன் எடுத்தான். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் "ஆயெத் ஹெட் எகக்த?" என்று, மறுபடியும் ஹெட்டா என்று, சிங்களத்தில் கேட்டுச் சிரித்தது பக்கத்தில் நின்ற சோலைமலை காதிலும் விழுந்தது. ஹெட் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஆசிரியர்கள் வேறொரு வேனில் போக ஆரம்பித்திருந்தார்கள். புதுசு, வெள்ளை, உள்ளே பாட்டு. அது மேலே போகும்போதெல்லாம் கராஜ் வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

மூடி முடித்த சனிக்கிழமை காலை, அழகன் கையைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"இந்தத் தடவ நானும் வாறேன். வேல மேல பழிய வாங்கிட்டு என்னால இருக்கேலாது. மாஸ்டர்மாருக்குப் பதிலா தேயிலைக்குப் போடுற ஒர மூட்டைய ஏத்து."

"மாஸ்டர்மார வுட ஒர மூட்டை தேவல பாஸ். கேத்தில்னு சொல்லாது."

தார் முடிந்தது. சோலைமலை சின்ன லிவரை இழுத்து நாலு சில்லையும் பூட்டினான். வேன் ஒரு குலுங்கு குலுங்கிச் சேற்றைக் கடித்தது. சில்லுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு கியர். அழகன் காதை எஞ்சின் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தான். சூட்டு முள் பாதியைத் தாண்டியது, முக்காலுக்கு வந்தது, அதற்குமேல் போகவில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஏத்தத்துல இவ்வளவு ஏறும். பயப்படாத."

ரோதமுனி முடக்கில் வேன் நின்றது. அழகன் இறங்கி, கீழே மஞ்சு மூடிய நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தான். முதுகுக்குப் பின்னால் ஆவி சீறுகிற சத்தம். திரும்பினான். சோலைமலை ஈரச் சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு, பீலியில் பிடித்த கேனைச் சரித்துக்கொண்டிருந்தான்.

"டேய்! ஊத்தாதடா! டேய்!"

கேன் பாதி காலி. எஞ்சினுக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியை நகத்தால் சுண்டிய மாதிரி, அவ்வளவு சின்னது.

அழகன் பீடியைக் கீழே போட்டான். "கேட்டியா?"

"என்னத்த?"

"ஹெட்டு வெடிச்சது கேட்டியான்னு கேக்குறேன். கொதிக்கிற இரும்புல ஐஸ் மாதிரி தண்ணிய ஊத்துறியே, அடுப்புல வச்ச கண்ணாடி கிளாசுல ஊத்துவியாடா? எத்தன நாளா இந்த வேல?"

"இது... முனிக்கு நேந்தது பாஸ். மொத ஹெட்டு போனதுல இருந்து."

"தெனமுமா?"

"தெனமும்."

அழகன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு பீலிப் பக்கம் நடந்தான், திரும்பி வந்தான். "மொதது எஞ்சின் கோளாறுல போச்சு, சரி. மத்ததெல்லாம் நீ தெனம் கொஞ்சங்கொஞ்சமா கொன்னதுடா! இது ஒரு நாள்கூடத் தாங்கல! நான் போடப் போட நீ கொன்னுக்கிட்டே வந்திருக்க. அதுக்கு ஊர்ல என் பேரு கெட்டுச்சு!"

சோலைமலை கேனை நிமிர்த்தினான். கோபம் எங்கிருந்தோ வந்தது. "நீங்க கேட்டீங்களா? இத்தன தடவ கழட்டுனீங்களே, ஒரு தடவ ஏறி வந்து பாத்தீங்களா? இன்னைக்கு வந்த மாதிரி அன்னைக்கே வந்திருந்தா என் பொண்டாட்டி தோடு காதுல இருந்திருக்கும்!"

"ஓட்டுறவன் நீ. நீதான் சொல்லணும்!"

"சாமிக்கு நேந்தத கராஜ்ல வந்தா சொல்லுவாங்க?"

அழகனும் வருஷா வருஷம் இந்த முனிக்குச் சேவல் அறுக்கிறவன்தான். சூலத்தை ஒரு தரம் பார்த்தான். "முனிய நான் குத்தம் சொல்லல," என்று முணுமுணுத்தான்.

"அப்ப என்ன செஞ்சிருக்கணும்?"

"ஒண்ணும் செஞ்சிருக்கக் கூடாது. எஞ்சின நிப்பாட்டாம சும்மா ஓட வுட்டுட்டு, தானா ஆறுற வரைக்கும் ஒக்காந்திருக்கணும். ஆறுனப்பறம் எந்தத் தண்ணிய வேணும்னாலும் ஊத்து."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அதுதான் சோலைமலையை அடித்துப் போட்டது. பெரிய பிழை, பெரிய செலவு, யாரோ செய்த சூனியம் என்று ஏதாவது இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாம். பிறந்ததிலிருந்து சும்மா உட்கார்ந்து பழகாதவனுக்கு அந்த ஒன்றுதான் தெரியாமல் போயிருக்கிறது. கையில் மிச்சமிருந்த தண்ணீரோடு கேனைப் பள்ளத்தில் விட்டெறிந்தான். அது தேயிலைச் செடிகள் மேல் தட்டித் தட்டிக் கீழே போனது.

வீட்டில் சொன்னபோது நாகலெட்சுமி முதலில் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சாமி தண்ணியா கேட்டுச்சு? ஒரு தேங்கா ஒடைக்கிறேன்னு நேந்திருக்கக் கூடாதா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான..."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல. நான் அடுப்புல நிக்கிறவ. சூட்டுச் சட்டியில பச்சத் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை அவள் தோட்டத்தில் ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குப் போகவில்லை. பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனாள். ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, போகச் சம்மதம் என்று கைநாட்டும் கையெழுத்துமாக வைத்துவிட்டு, ஏஜென்சிக்காரன் முன்கூட்டிக் கொடுத்த காசோடு திரும்பினாள். அதைச் சோலைமலை கையில் திணித்தாள்.

"போயி ஹெட்டு வாங்குங்க."

"இந்தக் காச நான் தொட மாட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? வேன் சும்மா நின்னா துரு புடிக்கும். ஆம்பளையும் அப்படித்தான். போங்க."

அவன் போனான். புது ஹெட் ஏறியது. அழகன் இந்த முறை கூலி வேண்டாம் என்றான், பேச்சும் வேண்டாம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தான். வேன் கராஜை விட்டு இறங்குகிற அன்றுதான் தம்பிஐயா மாஸ்டர் முழங்கால் வரைக்கும் சேற்றோடு அங்கே வந்து நின்றார்.

"தம்பி, அந்த வெள்ளை வாகனம் சேத்துக்குள்ள தாண்டு போச்சு. பாட்டு மட்டும் பாடுது, சில்லு சுத்துது, வாகனம் ஒரு அடிகூட அரக்கேல்லை. நாங்கள் எல்லாருமாத் தள்ளி அலுத்துப்போனம். உம்மட கேத்திலையே திருப்பிக் கொண்டாரும். வாற கிழமை திங்களிலையிருந்து."

சோலைமலை வேனைக் கராஜிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். நாகலெட்சுமி பிரேமினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஹயர் திரும்பிருச்சு புள்ள! மாஸ்டர் அவரே வந்து சொன்னாரு. நீ போகத் தேவல்ல!"

அவள் பின்னலை நிறுத்தவில்லை. ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "ஏஜென்சிக்காரன் காசு எங்க இருக்கு?"

அவன் திரும்பிக் கராஜ் பக்கம் பார்த்தான்.

"ஹெட்டுல இருக்கு," என்றாள் அவளே. "கழட்டி அவன்கிட்ட குடுப்பீங்களா? குடுத்தா ஹயர் எங்க ஓடும்?"

பிரேமினி அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பின்னலின் நுனியைக் கடித்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேசினால் சண்டை வரும். சண்டை போடவும் நாள் இல்லை.

போகிற அன்று விடிந்தும் விடியாமலும் புறப்பட்டார்கள். முடக்கில் நிறுத்தச் சொன்னாள். கற்பூரம் மழைக்குப் பற்றவில்லை. வெறுங்கையால் கும்பிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, தண்ணிப் போத்தலைப் பீலியில் பிடித்துக்கொண்டு வேன் பக்கம் வந்தாள்.

"வேனுக்கு ஊத்தவா?"

"வேணாம்."

"சூடில்லதான. இப்ப ஊத்தலாம்ல."

ஊற்றலாம்தான். அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "வேணாம் புள்ள," என்றான். அவள் அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சத்தைக் குடித்தாள்.

கினிகத்தேனை இறக்கம், கித்துல்கலை, அவிசாவளை. வேன் ஒரு சொல் சொல்லவில்லை. முள் பாதிக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது. எத்தனை ஆசிரியர்களை மழையில் இறக்கிவிட்ட வேன், எத்தனை நாள் நடுவழியில் மூச்சு விட்ட வேன், அன்றைக்குப் பார்த்துக் கல்யாண வண்டி மாதிரி ஓடியது. எங்காவது ஒரு மேட்டில் கொதித்து நிற்காதா, நின்று பிளேன் போய்விடாதா என்று அவன் காது எஞ்சினிலேயே இருந்தது. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

"தண்ணிய மட்டும் ஊத்தித் தொலச்சிராதீங்க," என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ஏஜென்சிக்காரன் சொன்னபடி தன்னை மாதிரியே பச்சைச் சேலை கட்டிய பெண்கள் வரிசையில் போய் நின்றாள். மகள் கையை ஆட்டினாள். நாகலெட்சுமி ஒரு தடவைதான் திரும்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர்கள் ஏறினார்கள். தார் முடிந்தது, சின்ன லிவரை இழுத்தான், நாலு சில்லும் பூட்டிக்கொண்டன. முடக்குக்கு வந்ததும் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பீலி கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, கொதிச்சிட்டுதோ?"

"இல்லங்க சேர். ஆறட்டும்னு நிக்கிறேன்."

தம்பிஐயா மாஸ்டர் முன்னால் எட்டி முள்ளைப் பார்த்தார். அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"பாரும், இப்பதான் இது வாகனம்! உம்மட மனிசி அண்டைக்குப் பள்ளிக்கூடம் வந்து என்ன மாதிரிக் கெஞ்சினவ தெரியுமே? எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. இனி நாங்கள் வேற வாகனம் பாக்க மாட்டம் எண்டு அவவுக்குச் சொல்லும். இண்டைக்கே சொல்லிப் போடும்."

"சொல்றேங்க சேர்," என்றான் சோலைமலை.

முள் பாதிக்கு வந்தது. கியரைப் போட்டான். எஞ்சின் ஒரு குறையும் சொல்லாமல் இழுத்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.